கிள்ளுகிற கதவு

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் தூறல். நடு வீதிக் குழியில் கல் கொட்டினேன். இந்தப் பார்க்கில் மனை வாடகைக்கு நிற்கும் நாற்பத்திரண்டு தகர டிரெய்லர் வீடுகள், மேனேஜராக நான், ஒரு புல்வெட்டி வண்டி. அந்த வண்டியும் இன்று கிளம்பவில்லை.

17ஆம் மனை ட்வைலா வழிமறித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலைமுடி வலையைக்கூடக் கழற்றவில்லை. “யோவ் மேனேஜரு, என் வீட்டுக் கதவு என்னையக் கிள்ளுதுய்யா.”

“இந்த வயசுல கதவாவது கிள்ளுதேன்னு சந்தோஷப்படு.”

“உன் மூஞ்சி. மழை பெஞ்சா கைப்பிடியத் தொட முடியல, சுருக்குங்குது. பிஸ்கட் படியே ஏற மாட்டேங்கிறான். தூக்கிட்டுல்ல போறேன் அந்த குண்டனை!” பிஸ்கட் அவளுடைய நாய். எழுதித் தரட்டுமா என்று பேனாவைத் தேடினாள்.

“எழுதவெல்லாம் வேணாம், வாயால சொன்னாப் போதும். நமக்குள்ள என்ன காகிதம்?” என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். கம்பெனி நடத்திய பாதுகாப்பு வகுப்பில் மேலதிகாரி கர்ட் சொல்லிக்கொடுத்தது இது. குறை எழுத்தில் வந்தால் நமக்குத் தெரிந்ததாக ஆகிவிடும். தெரிந்தும் சரிசெய்யாவிட்டால் வழக்கு வரும். ஆகவே அன்பாகப் பேசு, காகிதம் வாங்காதே. அன்பாகப் பேசுவது எனக்கு நன்றாக வரும்.

ஏப்ரல் 12, வெள்ளி

புல்வெட்டி கிளம்பிவிட்டது. பிளக்கில் கரி.

ஏப்ரல் 15, திங்கள்

மாதச் சோதனை. வண்டியில் உட்கார்ந்தபடியே சுற்றிவந்து படிவத்தில் ‘சரி’ போட்டேன். 17ஆம் மனையில் மீட்டர் பெட்டி நிற்கும் கம்பம் இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. பிப்ரவரியில் வண்டியால் பனி தள்ளும்போது நான்தான் அதில் இடித்தேன். கையால் நிமிர்த்திக் கட்டிவைத்தேன், யாருக்கும் சொல்லவில்லை. எர்த் கம்பி அறுந்து புல்லில் கிடப்பது வண்டியிலிருந்தே தெரிந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் யார் இடித்தது என்று கேள்வி வரும். இதற்கு முன்பே ஒரு தடவை வண்டியை வேலியில் மோதி எச்சரிக்கை வாங்கியிருக்கிறேன்.

17க்கும் ‘சரி’ போட்டேன். ஈரம் காயட்டும், நானே ஒரு நாள் முறுக்கிவிடுகிறேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

ட்வைலா விழுந்துவிட்டாள்.

மழை. கையில் நனைந்த பை. கதவைத் தொட்டவளைத் தூக்கி எறிந்திருக்கிறது — மூன்று படி கீழே, சிமெண்டில். நான் ஓடும்போது பிஸ்கட் தூரத்தில் நின்று குரைக்கிறது, கிட்டே வரவில்லை. அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நாய்க்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கும் தெரியும். தெரிஞ்சுதானே போனேன் வண்டியில?

ஆம்புலன்சில் ஏற்றும்போதுகூட “பிஸ்கட்டுக்குச் சோறு வெச்சிரு வெண்டல்” என்றாள். வைத்தேன். வேறு என்னத்தைச் செய்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைத்திருக்கிறார்கள். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, தப்பித்தாள் என்றார் டாக்டர். நான் வாங்கிப்போன பூவைப் பார்த்து, “பரவால்லையே, மேனேஜருக்குப் பூக்கடையெல்லாம் தெரியுமா?” என்று சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. காரைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டேன் என்று பொய் சொல்லி ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கர்ட் வந்தான். புதுக் கம்பம், புதுப் பெட்டி, புது எர்த் கம்பி, எல்லாம் ஒரே காலையில். பழையதை லாரியில் ஏற்றிவிட்டார்கள். பத்து வாரம் நான் தள்ளிப்போட்ட வேலை இரண்டு மணி நேர வேலைதான்.

ட்வைலாவின் வாட்டர் ஹீட்டருக்குள் கம்பி பழுதாகி, கரண்ட் வீட்டுத் தகரம் முழுக்க இறங்கியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் என்னிடம் தனியாகச் சொன்னார்: “எர்த் இருந்திருந்தா அந்த நிமிஷமே ஃப்யூஸ் போயிருக்கும். அந்தம்மா ஹீட்டர் ஓடலைன்னு திட்டிட்டு இருந்திருக்கும், அவ்வளவுதான்.”

கர்ட்டுக்கு ஹீட்டர் பழுது என்ற முதல் பாதி மட்டும் போதும். “பெட்டி வரைக்கும் நம்மது, ஹீட்டர் அந்தம்மாது. கேஸ் முடிஞ்சுது. அவ எதாவது எழுதிக் குடுத்தாளா?”

“இல்லை.”

“கெட்டிக்காரன்யா நீ” என்று தோளில் தட்டினான். சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன்.

மே 8, புதன்

இன்சூரன்ஸ் விசாரணைக்கு மிஸ் ஹோல்கம் என்ற அம்மாள் வந்தார். மேசையில் ரெக்கார்டர். “விபத்துக்கு முன்பு அவர் குறை எதுவும் சொன்னாரா?”

“எழுத்தில் எதுவும் வரவில்லை” என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அம்மாள் தலையாட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். எழுதாதே என்று நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சொன்னவன், நான் மட்டும் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த நோட்டு அப்போது அவர் காலடியில், மேசை இழுப்பறைக்குள் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. என்ன மனுஷன் நான்?

மே 17, வெள்ளி

ட்வைலா திரும்பிவிட்டாள். கை முழுக்கக் கட்டு. பிஸ்கட் இன்னும் படி ஏறுவதில்லை. இடது கையால் அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். நான் ஆபீஸ் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

மே 21, செவ்வாய்

கர்ட் நோட்டீஸ் அனுப்பினான். பழுதான ஹீட்டரால் ட்வைலா பார்க்குக்கு ஆபத்து உண்டாக்கினாராம். முப்பது நாளில் டிரெய்லரை எடுத்துக்கொண்டு மனையைக் காலி செய்ய வேண்டுமாம். எங்கே எடுப்பது? 1978இல் செய்தது. சக்கரத்தில் ஏற்றினால் சாலைக்கு வருமுன் இரண்டாகப் பிளக்கும். இப்படிப்பட்ட பழசை வேறு எந்தப் பார்க்கும் உள்ளே விடாது. அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

நோட்டீஸை வீட்டுக் கதவில் ஒட்டுவது மேனேஜர் வேலை. அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போனதாக நினைத்தேன். நான்காவது மூலைக்கு டேப்பைக் கிழிக்கும்போது கதவு திறந்தது.

அங்கேயே நின்று முழுக்கப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“நமக்குள்ள என்ன காகிதம்னியே வெண்டல். நீ மட்டும் எழுதிக் கொண்டாந்து ஒட்டுற?”

 டேப் உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் என்னை நம்பித்தானே பேனாவைப் பைக்குள்ள வெச்சா! கம்பெனியை நம்பல, என்னை நம்பினா.

ஏப்ரல் மாதத்தை மறுபடி படித்தேன். கதவு கிள்ளுகிறது என்றவளிடம் நான் அடித்த நக்கல்கூட அப்படியே இருக்கிறது. பெருமையாக எழுதிவைத்திருக்கிறேன். இதை அவள் படிப்பாளே என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. வக்கீல் படிப்பார், கர்ட் படிப்பான். வேலை போகும், வேலையோடு கிடைத்த இந்த வீடும் போகும். ஐம்பத்து நாலு வயதில் தம்பி வீட்டுச் சோபாவில் போய்ப் படுக்க வேண்டும்.

மிஸ் ஹோல்கமுக்குப் போன் செய்தேன். அன்று சொன்னதைத் திருத்த வேண்டும் என்றேன். ரெக்கார்டரைப் போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

நேரம் மாலை நான்கு. இந்த வரியை முடித்துவிட்டு நோட்டை 17க்கு எடுத்துப் போகிறேன். ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை. ட்வைலா, நீ இதைப் படிக்கிறாய் என்றால், கம்பத்தை இடித்தது நான். கம்பி அறுந்ததைப் பார்த்துவிட்டுப் போனதும் நான்.

ஜூலை 11, வியாழன்

புது நோட்டு. பழையது ட்வைலாவின் வக்கீலிடம் இருக்கிறது.

அன்று வாசலில் நின்றே அவள் ஏப்ரல் 15ஐப் படித்தாள். “பிப்ரவரியிலேர்ந்தா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசச் சொல்லிக் கேட்கிற முகமும் எனக்கு இல்லை.

கம்பெனி நோட்டீஸைத் திரும்பப் பெற்றுவிட்டது. அவள் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வழக்கு நடக்கிறது, செப்டம்பரில் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

இன்று, வேலையோடு போன வீட்டிலிருந்து மீதிச் சாமானை எடுக்கத் தம்பியின் வண்டியில் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. ட்வைலா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பிஸ்கட் முதல் படியை முகர்ந்தது, ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு மூன்று படியையும் தானாக ஏறி உள்ளே போய்விட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

சாவியைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். புது மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். பூட்டிய கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, நான்கு மூலையிலும் டேப்புடன்: “மனை 17. மூன்றாவது படி ஆடுகிறது. ஜூலை 11, காலை 9 மணி. இதற்கு நகல் என்னிடம் உள்ளது. — ட்வைலா ரென்னர்.”

சின்னப் பிள்ளை எழுதியதுபோல் கோணல்மாணலாக இருந்தது. இடது கையால் எழுதியிருக்கிறாள்.