பாதரசக் குளம் இல்லாத அரண்மனை

நாளை இந்த மியூனிக் வீட்டைக் காலி செய்கிறேன். ஆணி அடித்த ஓட்டைகளைப் பூசி அடைத்து, சுவர் முழுக்க வெள்ளை அடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஈரப் பூச்சின் வாசனை வந்ததும் நீயும் நினைவில் வந்துவிட்டாய். ஆஹென் நகரில் நம் மாணவர் அறையைக் காலி செய்த அன்று, மூக்கு நுனியில் வெள்ளைப் பெயின்ட்டோடு, "மாப்ளே, நாம இங்க இருந்ததுக்கு ஒரு அடையாளம் வுட மாட்டேங்குறானுவளே" என்றாய். பாழாய்ப்போன நகரங்களைப் படிக்க வந்தவனுக்கு வேறென்ன கவலை இருக்கும்?

நான் இயந்திரப் பொறியியல், நீ கட்டடக்கலை ஆய்வு. காயல்பட்டினத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து, ஸ்பெயினில் இருக்கும் ஒரு அரண்மனை நகரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய். மதீனத்துஸ் ஸஹ்ரா. கொர்தோபாவுக்கு வெளியே மலைச்சரிவில் ஒரு கலீஃபா ஆசை ஆசையாய்க் கட்டியது. அடுக்கடுக்காய்த் தோட்டங்கள், பளிங்குத் தூண்கள், பூவும் கொடியும் செதுக்கிய சுவர்கள். பேரன் காலத்திலேயே எல்லாம் போயிற்று. உள்நாட்டுச் சண்டையில் படைவீரர்கள் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். மிஞ்சிய கல்லை அக்கம்பக்கத்தார் எடுத்துப்போனார்கள். கடைசியில் அந்த மேட்டின் பெயர்கூட மறந்துபோனது. சோற்றில் கையை வைத்துக்கொண்டு நீ இதைச் சொன்னால், போன வாரம் உன் தெருவில் நடந்ததுபோல இருக்கும். ரசம் ஆறிவிடும்.

அந்த நகரத்தைக் கணினியில் திரும்பக் கட்டினோம். வரைபடம் உன்னுடையது, நிரல் என்னுடையது. ஒரு அருங்காட்சியகம் கண்காட்சிக்குக் கேட்டிருந்தது. அது அமைந்தால் உன் உதவித்தொகை நீளும், இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவர்கள் முக்கியமாகக் கேட்டது பாதரசக் குளத்தை. அரண்மனை மண்டபத்தில் இருந்ததாம். அதை அசைத்தால் சுவரெல்லாம் ஒளி பாய்ந்து, வந்த தூதர்கள் நடுங்கிப்போவார்களாம். நான் சாப்பாட்டை மறந்து அதைச் செய்தேன். திரையில் குளம் தளும்பியபோது நீ கைதட்டினாய். மறுநாளே குளத்தை எடுத்துவிட்டாய்.

"எழுதி வச்சிருக்காங்க. ஆனா தோண்டுனவங்களுக்குக் கெடைக்கலியே மாப்ளே."

"அழகுக்கு இருந்துட்டுப் போகட்டும்டா."

"தெரியாத எடம் தெரியாத எடமாவே இருக்கட்டும்."

செதுக்கல் கிடைக்காத சுவர்களையும் வெறும் வெள்ளையாக விட்டாய். அந்த இடிபாடுகளில் உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டுகிறவர்களும், துண்டு இல்லாத இடத்தில் மொழுக்கென்று பூசி விடுவார்கள் என்றாய். அருங்காட்சியகம் கைவிரித்தது. "பிழைக்கத் தெரியாதவன்டா நீ" என்று கத்தினேன். நீ என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாய். அந்தக் கோடையிலேயே ஊருக்குப் போய்விட்டாய்.

போன மாதம் உன் தங்கைதான் செய்தி சொன்னாள். மாரடைப்பு. நேற்று மறுபடி அழைத்தாள், அண்ணனைக் 'காக்கா' என்னும் உங்கள் ஊர்ப் பேச்சில். "அண்ணே, காக்கா கடைசியா ஃபோன்ல பேசுனது உங்கக்கிட்டத்தான். என்ன சொன்னாஹ? உம்மா கேட்டுக்கிட்டே இருக்காஹ." நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எனக்கு ஞாபகமில்லையடா. அலுவலகத்தில் இருந்தேன், வழக்கம்போலப் பேசினோம். கடைசிப் பேச்சு என்று தெரிந்தா யாரும் பேசுகிறார்கள்? 'உம்மாவைப் பத்தித்தான் பேசினான்' என்று சொன்னால் போதும், அந்தத் தாய் அதைப் பிடித்துக்கொண்டே மிச்ச நாளைக் கழித்துவிடுவார். உன் குரலில் சொல்லிப் பார்த்தேன். பொருத்தமாகவே இருந்தது. பாதரசக் குளமும் பொருத்தமாகத்தான் இருந்தது.

இன்று பெயின்ட் கையோடு உன் தங்கையை அழைத்தேன். "என்ன சொன்னான்னு ஞாபகம் இல்லம்மா. ஆனா ஏதோ சொல்லி என்னைச் சிரிக்க வச்சான். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்குற அளவுக்குச் சிரிச்சேன். அது மட்டும் நிச்சயம்."

அந்தப் பக்கம் ஃபோன் கை மாறியது. பிறகு உம்மாவின் குரல் வந்தது.

"சிரிக்க வச்சானா வாப்பா? அப்ப அது எம் புள்ளதான்."

சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. நீ என்ன சொன்னாய் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். சிரிப்பு என்னிடம் இருக்கிறது.