ஓரின் ஃபோல்ஸ் நகரத்துக்கு ஒரு மனேஜர் தேவை

13 செப்டம்பர் 1976, திங்கள்

வகுப்பு ரீச்சர் மிஸிஸ் ஹார்டி புதுத் தலையிடி ஒன்று தந்திருக்கிறா. வட அமெரிக்க நகரம் ஒன்றைப் பற்றி எழுதவேணும். சனத்தொகை, தொழில், முக்கியமாக அதன் நகரசபை எப்படி நடக்கிறது என்று. நல்ல நகரங்களை எல்லாம் முன்வாங்கில் இருக்கிறவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சினது ஒன்றுமில்லை.

சரி, ஒன்றுமில்லாத நகரத்தைப் பற்றி எழுதிவிட்டால் போச்சு!

16 செப்டம்பர்

கனடாவில், மனிற்றோபா மாகாணத்தில், ஓரின் ஃபோல்ஸ் என்ற நகரத்தைப் பெற்றெடுத்தேன். சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம்.

பெயரில்தான் நீர்வீழ்ச்சி. உண்மையில் அங்கே விழுவது பனியும், தேர்தலில் நிற்பவர்களும்தான். மேயர் சும்மா மேய்கிறவர். கழுத்தில் சங்கிலியோடு ரிப்பன் வெட்டுவார். மேய்க்கிறவர் வேறு ஆள்: சிற்றி மனேஜர். அவரைச் சனம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வதில்லை, சபை சம்பளத்துக்கு வைக்கும். தண்ணீர், றோட்டு, பனி அள்ளுவது எல்லாம் அவர் தலையில். இந்த மனேஜர் முறை மட்டும் உண்மை, கிளேற்றன் நூலகத்தில் வாசித்தேன். பொய்க்கும் எலும்பு வேணும்தானே.

மனேஜருக்குப் பெயர் யோசிக்கப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. "பதவி வெற்றிடம். எந்த நாட்டு எஞ்சினியரும் விண்ணப்பிக்கலாம்" என்று போட்டு முடித்தேன்.

24 செப்டம்பர்

'ஏ' கிடைச்சிருக்கு!! "இந்த நகரத்தைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருக்கிறது" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறா. கண்ணாடியை மாத்துங்கோ மிஸ்.

26 செப்டம்பர், ஞாயிறு

இன்றைக்குக் கணேசலிங்கம் அங்கிளுக்கு அதை வாசிக்கக் கொடுத்தேன். அப்பாவின் சிநேகிதர், எங்கள் பின்னறையில் இருக்கிறார். இலங்கையில் நீர்ப்பாசன எஞ்சினியர், கனடாவிலும் படித்தவர். இங்கே அவருடைய பட்டம் செல்லாதாம். கார் தொழிற்சாலையில் கதவு பொருத்திப் பூட்டுகிறார். "கதவு திறக்கும் எண்டு வந்தன், பூட்டுற வேலை தந்திட்டாங்கள்" என்று அவரே பகிடி விடுவார். நவம்பரில் அவர் மனைவி யோகராணி அன்ரி யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறா. மூன்று வருஷப் பிரிவு.

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஓரின் ஃபோல்ஸோ! ரெயினில போகேக்க இறங்கினனான் பிள்ளை. நகரசபை மணிக்கூடு இன்னும் பிந்தித்தான் ஓடுதோ?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கே கதை சுத்துகிறார், கெட்டிக்காரர்.

பிறகுதான் — மணிக்கூடு பிந்தி ஓடுவது நான் பஸ்ஸில் யோசித்தது. இடம் போதாமல் எழுதாமல் விட்டது. அவருக்கு எப்படி?

2 ஒக்ரோபர்

அங்கிளைச் சோதித்தேன். "அங்கத்தை மியூசியத்தில யானை எலும்புக்கூடு பார்த்தனீங்களோ?"

"யானையோ? விசர்க்கதை கதைக்காதை. அங்க மியூசியமே இல்லை." தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "பாலத்தடியில ஒரு சப்பாத்துக்கடை. கண்ணாடிக்குள்ள ஒத்தைச் சப்பாத்து மட்டும் வைச்சிருப்பாங்கள்."

யானை, நான் அந்த நிமிஷம் அவிழ்த்த பொய். ஒற்றைச் சப்பாத்து, போன மாதம் என் தலைக்குள் இருந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சத்தியமா சொல்லேல்லை.

3 ஒக்ரோபர்

அவர் இருக்கும்போது நான் ஒன்றும் யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

19 ஒக்ரோபர்

வீட்டில் பிரளயம். அங்கிள் வேலையை விட்டுவிட்டார்! "மனேஜர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிட்டினம்" என்றார். தான் ஓரின் ஃபோல்ஸுக்குப் போகிறபடியால் யோகராணியை வரவேண்டாம் என்று தந்தி அடிக்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டார்.

"உமக்கென்ன விசரோ, கணேஸ்? அவள் படிப்பிச்ச வேலையை விட்டிட்டு, வீட்டையும் பூட்டிப்போட்டு நிக்கிறாள். இனி எங்க போவாள்?"

அப்பா அற்லஸை விரித்தார். மனிற்றோபா முழுக்கத் தேடியும் ஊர் இல்லை. அங்கிள் பொறுமையாகச் சொன்னார்: "சின்ன ஊர். போடமாட்டினம்."

நான் அழுதுகொண்டு சொன்னேன். அது பொய், அங்கிள், பகிடிக்கு எழுதினது, அப்பிடி ஒரு ஊர் இல்லை. அவர் என் தலையைத் தடவினார்.

"நீ எழுதினது எல்லாம் சரி பிள்ளை. ஒண்டும் பிழை இல்லை."

அவர் கை ஐஸ்.

20 ஒக்ரோபர்

தந்தி இன்னும் போகவில்லை. அப்பா நாளைக்கு, நாளைக்கு என்று கடத்துகிறார். அங்கிள் தானே தபாற்கந்தோருக்குப் போகப் போறாராம்.

ஊரை அழிக்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு என்ன வழி? யோசி, சத்தியபாமா. மற்ற நேரம் வாய் கிழியுமே.

23 ஒக்ரோபர், சனி

வழி கிடைத்தது. ஊர் இருந்துவிட்டுப் போகட்டும், வெற்றிடம்தானே இருக்கக்கூடாது? ஒரு தாளில் எழுதினேன்: "சபை கூடி, ஏகமனதாக மனேஜரை நியமித்துவிட்டது. பதவி நிரம்பியது." அங்கிள் சூட்கேசுக்குள் கம்பளிச் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்று வாசித்துக் காட்டினேன்.

அவர் கட்டிலில் இருந்தார். தாளை வாங்கித் தானும் வாசித்தார். பிறகு, "ஆரைப் போட்டவை?"

பெயர்! திரும்பவும் அந்தப் பெயரை நான் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "என்னைத்தான் அங்கிள்."

சிரிப்பார் என்று நினைத்தேன். எனக்கு ஏதோ நோய் வந்ததுபோல் பார்த்தார்.

"வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே, பிள்ளை. உனக்குப் பதினைஞ்சு வயசு. சனம் எல்லாத்துக்கும் உன்னட்டைத்தான் வரும்."

கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கடைசிச் சட்டையை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். வேறென்ன செய்ய?

25 ஒக்ரோபர்

அங்கிள் தொழிற்சாலைக்குப் போய்க் கெஞ்சி வேலையைத் திரும்ப எடுத்துவிட்டார். அப்பா கோழி வாங்கி வந்தார்.

14 நவம்பர், ஞாயிறு

யோகராணி அன்ரி வந்துவிட்டா. விமான நிலையத்தில் அங்கிள் பொடியன் மாதிரி ஓடினார். அன்ரி அழுதுகொண்டே, "என்ன இப்பிடி மெலிஞ்சுபோனியள், சமைக்கிறேல்லையோ?" என்று ஏச, அவர் ஏச்சு முழுவதையும் பரிசு வாங்குவதுபோல் நின்று வாங்கினார்.

காரில் அங்கிளிடம் மெதுவாக, ஓரின் ஃபோல்ஸ் ஞாபகம் இருக்கோ என்று கேட்டேன். "அது எங்க இருக்கு?" என்றார். நடிப்பில்லை. அவர் முகம் எனக்குத் தெரியும்.

அப்பாடா.

29 நவம்பர்

வகுப்பில் தூங்கிப்போனேனாம். "பாலத்தை மூடுங்கோ" என்று கத்தினேனாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

12 டிசம்பர், ஞாயிறு

இந்த நாட்டில் டிசம்பரில்தான் கோடை. நூறு டிகிரி வெயில். மத்தியானம் குசினியில் அன்ரி மட்டையால் விசிறிக்கொண்டு, "இதுக்கு யாழ்ப்பாணம் பரவாயில்லை" என்றா. அங்கிள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா உள்ளேயிருந்து கத்தினா: "ஆரடி வீட்டில இருக்கிற பைப் எல்லாத்தையும் சொட்டச் சொட்டத் திறந்து விட்டது? எந்த நாளும் இதே வேலை!"

"நான்தான் அம்மா. பூட்டாதையுங்கோ."

"ஏன்?"

"தண்ணி ஓடாட்டி உறைஞ்சு பைப் வெடிச்சிடும். போன கிழமை அங்க ஆத்தங்கரைத் தெருவில நாலு வீட்டில வெடிச்சது. சனம் என்னைத்தான் ஏசினது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரியின் விசிறி நின்றுபோனது. "பிள்ளைக்குக் காய்ச்சலோ? இந்த வெக்கைக்குள்ள ஏன் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறாள்?"

அம்மா போய்ப் பைப்புகளைப் பூட்டத் தொடங்கினா. ஒவ்வொன்றாக. நான் கெஞ்சக் கெஞ்ச.