ஆள் புழங்கிய தரை

ஹமமாட்சு,
டிசம்பர் 3

அன்பு மகள் ஷிஹோவுக்கு அம்மா சொல்லச் சொல்லத் தம்பி ரிகு எழுதுவது.

இதனால் சப்போரோவில் வசிக்கும் மூத்த மகளுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில், மூன்று மாதமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்த நம் குளியலறை விளக்கு, சென்ற செவ்வாய் மாலை நான்கு மணியளவில், குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்க, மாற்றப்பட்டது. மாற்றியவர் அப்பா, ஸ்டூலைப் பிடித்தவன் நான், அம்மா பார்வையாளர் மட்டுமே, ஏனென்றால் அவள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பதறாதே, மழையில் வாசற்படி வழுக்கிவிட்டது, எலும்பில் மயிரிழை விரிசல்தான், புத்தாண்டுக்குள் பிரித்துவிடுவார்களாம். ஆகவே இங்கே மூன்று பேரும் சுகம், ஒரு கை மட்டும் விடுப்பில் இருக்கிறது. அங்கே நீ இரண்டு கையோடும் சுகமாக இருக்கிறாய் என்று எழுதினால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். கையில் கட்டு இருந்தால் வீட்டில் கட்டுப்பாடு தளரும் என்று நம்பி ஏமாந்தவன் நான். இந்தக் கடிதத்தில் கை என்னுடையது, வாய் அம்மாவுடையது.

விளக்குக் கதையை விட்டுவிட்டு விஷயத்தை எழுதுடா என்று இடது கையால் குட்டுகிறாள். குட்டில் மட்டும் வேகம் குறையவில்லை. விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், நீ செய்த விமானக் கொட்டகை மாதிரிக்கு, சிறு மாதிரிகள் செய்வோர் சங்கக் கண்காட்சியில் தலைவர் விருது. அப்பா அனுப்பிய படத்தில் பாதி அவர் கட்டைவிரல் என்பதால் நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், தாளில் இருந்தால் நீ எடுத்து எடுத்துப் படிப்பாய் என்று அம்மா சொன்னதால் முழுக்கதையையும் எழுதுகிறேன்.

போன வருடக் கண்காட்சியை நீ மறந்திருக்க மாட்டாய், நாங்களும் மறக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அந்தப் பழைய கொட்டகையை இரண்டு கோடை முழுக்க டேப் பிடித்து அளந்து, நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, குச்சி குச்சியாக உத்தரம் கட்டி, குளிர்பான டப்பாவை வெட்டி நெளித்துக் கூரை போட்டு, கதவு தண்டவாளத்தில் உருளும்படி செய்து கொண்டுபோய் வைத்தாய். சங்கத் தலைவர் ஓகிட்சு-சான் குனிந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா. ஆனா இதுல யாரும் வேலை பார்த்த மாதிரி தெரியலையே, தரை சுத்தமா இருக்கே" என்றார். நகக்கண்ணில் கிரீஸ் போகாத ஒரு விமான மெக்கானிக்கைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அம்மா இன்னும் கொதிக்கிறாள். நீ நேரே வீட்டுக்கு வந்து தரையைப் பெயர்த்து எறிந்துவிட்டு, தெர்மகோலில் புதிதாக வெட்டி, சிமெண்டு இணைப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கீறினாய். அதற்கு வர்ணம் பூசுவதற்குள் சப்போரோ வேலை வந்துவிட்டது. கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னால் போன் செய்து, "தரை முடியலைன்னா வைக்கவே வேணாம்மா, ரெண்டாவது தடவை அதைக் கேட்க என்னால முடியாது" என்றாய். போனை வைத்த பிறகு அம்மா நெடுநேரம் அந்தக் கொட்டகை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பூச்சாடி வைக்கிற இடத்தில் இரண்டு வருடமாக இதுதான் இருக்கிறது என்று தினமும் புலம்பியவள் அவள்தான்.

அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன். பெயிண்ட் டப்பா மூடியில் நீ ஒட்டியிருந்த குறிப்புச் சீட்டை வரி விடாமல் படித்து, ஏழு நாள் ஆராய்ச்சி செய்து, அந்தத் தரைக்கு முப்பது வருட வயதைக் கொடுத்தேன். சிமெண்டு பெயர்ந்த குழிகள், குழிகளில் தேங்கி ஊறிய எண்ணெய்க் கறை. கறைக்கு ஒரு தனிக் கலவை, செய்முறை ரகசியம். கூடுதலாக, வேலை மேஜைக்கு அடியில் எள்ளளவில் ஒரு ஜோடி அழுக்குக் காலுறையும் செய்து போட்டேன், உன் அறையில் நீ விட்டுப்போனதன் சரியான அளவு மாதிரி. வேலை பார்த்தது யார் என்று யாரும் கேட்கக் கூடாது பார்.

அப்பா அதை வேனில் ஏற்றி நத்தை வேகத்தில் ஓட்டினார். பின்னால் ஏழு வண்டி ஹாரன் அடித்தது, இவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியில் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். மண்டபத்தில் ஓகிட்சு-சான் வந்து நின்றார், குனிந்தார், மூக்கு தரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் நிமிர்ந்து அம்மாவிடம், "இந்தத் தரையில ஆள் புழங்கியிருக்காங்கம்மா" என்றார். அம்மா உடனே, "பின்ன? என் பொண்ணு நிஜ விமானத்துக்கு அடியில படுத்து வேலை பார்க்கிறவ" என்றாள். அதோடு விடவில்லை, சாயங்காலம் வரை அங்கேயே நின்று வந்தவர் போனவர் எல்லாருக்கும் மாவுக்கட்டுக் கையால் உன் பெயர் அட்டையைக் காட்டினாள். அப்பா அந்த அட்டையை மூன்று முறை படித்தார். தரை செய்தது தம்பி என்று அம்மா சொன்னதும் சங்கத்தார் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள், நானும் பெருந்தன்மையோடு இடம் கொடுத்தேன்.

இனி அம்மா வாக்கு. பெட்டியில் ஆரஞ்சு அனுப்பியிருக்கிறாள், அடியில் இருப்பதை முதலில் சாப்பிடு, அதுதான் முதலில் அழுகும். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றுவதைச் சமையல் என்று சொல்லிக்கொள்ளாதே. பனியில் நடக்கும்போது கையைப் பையில் விட்டுக்கொண்டு நடக்காதே, விழுந்தால் ஊன்றக் கை வேண்டும், இதை அனுபவத்தில் சொல்கிறாளாம். நீ தொட்டு அனுப்பும் ஒவ்வொரு விமானமும் பத்திரமாக இறங்கட்டும், நீயும் அப்படியே இருக்க வேண்டும். புத்தாண்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா மசாயோ
(இடது கைக் கையெழுத்து, கோழி கிளறியது அல்ல)

பி.கு. அம்மா குளிக்கப் போயிருக்கிறாள், புது விளக்கு வெளிச்சத்தில். அக்கா, உன் சீட்டை நான் படித்தேன், ஆனால் மறுநாள்தான் படித்தேன். "தண்ணி பெயிண்ட் ரெண்டு கோட்டு, அதுக்கு முன்னால ஸ்பிரே கிட்டயே போகாதே" என்று எழுதியிருந்தாய். நான் நேராக ஸ்பிரே அடித்தேன். தெர்மகோல் உஸ்ஸென்று கரைந்து குழி குழியாகிவிட்டது, நீ கீறிய கோடுகளில் முக்கால்வாசி போய்விட்டது. நான் அலறிய அலறலில் அம்மா காப்பிக் கோப்பையோடு ஓடிவந்தாள், கீழே உருண்டுகிடந்த ஸ்பிரே டப்பாவை மிதித்தாள், காப்பி கொட்டகைக்குள் போனது, அம்மா தன் வலது கை மேலேயே விழுந்தாள். வாசற்படி ஒரு பாவமும் அறியாது. விடிந்து பார்த்தால் குழியெல்லாம் எண்ணெய் ஊறின மாதிரி இருந்தது. ரகசியக் கலவை அவ்வளவுதான், சர்க்கரை இல்லாத காப்பி. ஆஸ்பத்திரி பெஞ்சில் வலியோடு அம்மா சொன்னது, "படி வழுக்கிடுச்சுன்னே சொல்லிக்கலாம். கோடெல்லாம் போச்சுன்னு தெரிஞ்சா அவ அங்க தனியா தூங்க மாட்டா." அதனால் நான் சொன்னது அவளுக்குத் தெரிய வேண்டாம். வேலை மேஜை ஓரத்தில் மட்டும் உன் கோடுகள் நாலு அப்படியே இருக்கின்றன, நான் தொடவில்லை.

இன்னொன்று. ஜனவரிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்தத் தரையைச் செய்துகாட்டுகிறேன் என்று ஓகிட்சு-சானிடம் தலையாட்டிவிட்டேன். புத்தாண்டுக்கு எப்படியாவது வந்து சொல்லிக்கொடு. ஸ்பிரே இருக்கிறது, காப்பியும் இருக்கிறது, ஆனால் அம்மாவிடம் மீதி இருப்பது ஒரே ஒரு கை.