மாரிமுத்து வந்தான், முதலாளி வந்தார்

கோரமண்டல்,
12.11.2000

அன்புள்ள வாணிக்கு,

நீயும் ஹரிஷும் சுகம்தானே? இங்கே மைன்ஸை மூடப்போகிறார்கள் என்று தினம் ஒரு பேச்சு. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் டி.சி. கேட்டு நிற்கிறார்கள். நீ என்னடா என்றால், பத்திரிகையில் வந்த உன் கதை எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறாய். பெரிய எழுத்தாளருக்குப் பொறுமை கம்மிதான்.

படித்தேன். உன் அப்பா கடையில் என் அப்பாவுக்கு நடந்ததை ஒருவர் எழுதுவார் என்று நான் நினைத்ததே இல்லை, அதுவும் நீ. உன் அப்பாவின் மோதிரம் காணாமல் போனது, பஜாரே பார்க்க என் அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னது, "தெனம் மைன்ஸ் ஷாஃப்ட்ல தங்கத்துக்காக சர்ச் குடுக்கறவன்தானே, கையைத் தூக்கு" என்றது, மறுநாள் மோதிரம் பருப்பு மூட்டையில் கிடைத்தும் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லாதது, எல்லாம் இருக்கிறது. நாம் இருவரும் ஏழாம் வகுப்பில் கண்ணால் பார்த்தது. படித்துவிட்டு அழுதேன்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை, நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே நாக்கு நின்றுவிட்டது. 'மாரிமுத்து கடைக்கு வந்தான். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.' அப்பாவின் பெயரை மாரிமுத்து என்று மாற்றியது சரி, ஆனால் ஏன் வாணி இப்படி? என் அப்பா உன் அப்பாவைவிட மூத்தவர். வந்தான் போனான் என்பதையெல்லாம் வந்தார் போனார் என்று மாற்றி மாற்றி வாசித்தேன். "இன்னாம்மா, நடுநடுவுல திக்கற?" என்றார். எழுத்து பொடியாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

புத்தகமாக வரும்போது இதைச் சரி செய்துவிடு. அதைப் பங்காருபேட்டையில் இருக்கும் சித்தப்பா கையில் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்கிறார் அப்பா. மோதிரத்தை எடுத்துப் பயந்து மூட்டையில் போட்டவர் இவர்தான் என்று சித்தப்பா வீட்டில் இன்றைக்கும் நம்புகிறார்கள். அப்பாவின் தம்பியே நம்பவில்லை என்றால் அவருக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

உன்,
சாரா

சென்னை,
24.11.2000

அன்பு சாராவுக்கு,

டீச்சரம்மா சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள் என்று முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம்தான் வந்தது.

கதாநாயகன் என்றால் தமிழில் 'அவன்'தான், ராஜாவாக இருந்தாலும். 'அவர்' என்று போட்டால் வாசகர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். மரியாதை தூரமாக்கும், சாரா. எனக்கு வாசகரை உன் அப்பாவின் மனசுக்குள்ளேயே உட்காரவைக்க வேண்டியிருந்தது. முதலாளியை 'அவர்' என்றது அவரை வெளியில் நிறுத்தத்தான்.

பெற்ற அப்பாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன். கதை வந்ததிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. அதற்கு உன்னிடமிருந்து ஆறுதலாக ஒரு வரி இல்லை, இலக்கணப் பாடம் வருகிறது.

உன்,
வாணி

கோரமண்டல்,
5.12.2000

அன்புள்ள வாணிக்கு,

அம்மா பேசாதது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. நீ துணிந்து எழுதினாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டதற்கு இது பதில் இல்லை.

என் அப்பாவின் மனசுக்குள் இருந்து எழுதியதாகச் சொல்கிறாய். 'முதலாளி ஏன் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று மாரிமுத்துவுக்குப் புரியவில்லை' என்கிறது கதை. அவருக்கு நன்றாகவே புரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சோற்றைத் தள்ளிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இனிமே அவன் கடையில உப்புகூட வாங்கக்கூடாது." 'அவன்' என்றார் வாணி. எதிரே நின்று சொல்ல முடியாததை வீட்டுக்குள் வந்து சொன்னார்.

அவர் மனசுக்குள் நின்று எழுதினால் உன் அப்பாதான் 'அவன்'. 'அவர்' என்பது உன் வீட்டு வார்த்தை. இந்தக் கதை மாரிமுத்துவின் கண்ணால் பார்த்தது இல்லை. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஐயோ பாவம் என்று நினைத்த நீதான் பார்க்கிறாய். அப்படிப் பார்த்ததில் தப்பில்லை, அதை உன் பார்வை என்றே எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. எனக்கு எழுதும்போது என் அப்பாவை மரியாதையோடுதான் எழுதுவாய். கதை என்றதும் அது எங்கே போயிற்று? யோசிக்க யோசிக்க எரிச்சலாக வருகிறது. இரண்டு பேரையும் அவர் என்று எழுது, இல்லாவிட்டால் இரண்டு பேரையும் அவன் என்று எழுது. எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

சாரா

சென்னை,
28.1.2001

அன்பு சாராவுக்கு,

நான் சும்மா இருக்கவில்லை. 'முதலாளி தேடினான்' என்று எழுதிப் பார்த்தேன். அப்பா கடையை விற்றுவிட்டு எங்களோடுதான் இருக்கிறார், பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தார். கை வரவில்லை, அடித்துவிட்டேன். இரண்டு பேரையும் அவர் என்று மாற்றிக் கொடுத்தால், எந்த அவர் எந்த அவரின் சட்டையைக் கழற்றச் சொன்னார் என்று வாசகர் குழம்புவார் என்று பதிப்பகத்தில் திருப்பிவிட்டார்கள். அச்சுக்கு வேறு அவசரப்படுத்தினார்கள். பழையபடியே போய்விட்டது.

கோபப்படாதே. புத்தகத்தை உன் அப்பாவுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஜெயகரனுக்கு' என்று போட்டிருக்கிறது. சித்தப்பாவிடம் தாராளமாகக் காட்டட்டும். ஒரு 'ன்', ஒரு 'ர்', இதற்காகவா நீயும் நானும் சண்டை போடுவது?

உன்,
வாணி

கோரமண்டல்,
15.3.2001

மதிப்பிற்குரிய வாணி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய புத்தகம் கிடைத்தது. மைன்ஸை மூடிவிட்டார்கள். தொழிலாளர் லைனில் பாதி வீடுகளில் பெங்களூருக்கு மூட்டை கட்டுகிறார்கள்.

இந்த முறை நான் எதையும் மாற்றவில்லை, அச்சில் உள்ளபடியே வாசித்தேன். அப்பா கடைசிவரை கேட்டார். சித்தப்பா வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஏன் என்றதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என் தம்பி என்னைத் திருடன்னு நெனைக்கறான். அப்பவும் அண்ணன் வந்தாருன்னுதான் சொல்றான். இந்தப் பொண்ணு திருடலன்னு சொல்லிட்டு, வந்தான்னு எழுதியிருக்குது. இதை எடுத்துனு போயி அவங்கிட்ட இன்னான்னு காட்டறது?"

புத்தகத்தைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன்.

மரியாதை தூரமாக்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் முழுக்க உங்களை 'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான்.

இப்படிக்கு,
ஜெ. சாரா