உன் அண்ணியின் மனுவில் ஒரு பிழை

அன்பு மகளே,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் முதல் வரியிலேயே பிழை விடக்கூடாது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நீ தெம்பாக இருக்கிறாய் என்பது போனில் கத்திய கத்தலிலேயே தெரிந்தது. அண்ணனும் அண்ணியும் பிரிகிறார்கள் என்றதும் நீ சொன்ன முதல் வார்த்தை, வாலுவ அவகிட்ட அனுப்பாதீங்கப்பா, நம்ம வீட்டுலயே வெச்சுக்கங்க என்பதுதான். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. அண்ணி இரண்டு தெரு தள்ளி மாடி வீட்டுக்குப் போனதிலிருந்து குழந்தை வாலு இங்கே பாதி அங்கே பாதி. ஆறு வயசு கூட முடியாத பேத்தி, அவள் வரவே மாட்டாள் என்று ஆகிவிட்டால் நானும் உன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் உன் அண்ணனும் அண்ணியும் வக்கீல் அம்மாவைப் பார்க்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, மூன்றே நாற்காலி. என்னை உட்காரவைத்துவிட்டு உன் அண்ணி முழு நேரமும் நின்றாள். நீ சொன்னதை என் யோசனை மாதிரியே கேட்டேன் (உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பயப்படாதே). வக்கீல் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஐயா, குழந்தைய மறைச்சு வெச்சா ஜட்ஜு முன்னாடி உங்க பையனுக்குத்தான் கெட்ட பேரு, அப்பாவுக்கு எது நல்லது அம்மாவுக்கு எது நல்லதுன்னு கோர்ட்டு பாக்காது, குழந்தைக்கு எது நல்லதுன்னுதான் பாக்கும் என்றார். இருவருக்கும் சம்மதம் என்றால் ஒரே மனுவாகப் போடலாமாம், பிறகு யோசிக்க அவகாசம் தருவார்களாம், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று தனித்தனியாகக் கேட்பார்களாம். அண்ணி ரோஷத்தில், எனக்கு அவர்கிட்டேர்ந்து எதுவும் வேணாம் என்றாள். உனக்கு வேண்டாம்னா விட்டுடும்மா, குழந்தைக்கு அப்பா செய்யவேண்டியத வேண்டாம்னு சொல்ல நீ யாரு, அது குழந்தையோட உரிமை என்று வக்கீல் அம்மா போட்டார் ஒரு போடு. கடைசியில் மெதுவாக, தாத்தாவுக்கு என்ன உரிமை என்று கேட்டேன். தனியா ஒண்ணும் கிடையாதுங்க, இவங்க ரெண்டு பேரும் மனசு வெச்சாத்தான் உண்டு என்றார்.

உன் அண்ணியை நீ கல்நெஞ்சுக்காரி என்றாயே, இதைக் கேள். மனுவில் உன் அண்ணனைப் பற்றி நாலு குற்றம் எழுதட்டுமா என்று வக்கீல் அம்மா கேட்டதற்கு, வேணாங்க, வாலு பெரியவளாகி இதைப் படிப்பா, அவ அப்பாவைப் பத்தி என் வாயால கெட்டது படிக்க வேணாம் என்றுவிட்டாள். உன் அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. இருபது மாடி ஏறி லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லையடி. எனக்கோ அவளை எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது.

தட்டச்சாகி வந்த மனுவை, படிக்க எங்களுக்குத் தெம்பில்ல, நீங்களே பிழை பார்த்துக் குடுங்க என்று இருவருமே என்னிடம் நீட்டினார்கள். தனித்தனியே வசித்து வருகிறார்கள் என்பதைத் தனித்தனியே வாசித்து வருகிறார்கள் என்று அடித்திருந்தான் புண்ணியவான், வீட்டில் படித்துக் காட்டியதும் உன் அம்மா கூட அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அடுத்த பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை குழந்தை தந்தையுடன் இருக்கும், புதன்கிழமை மாலை தாத்தாவுடன் இருக்கும் என்று இருந்தது. தந்தை என்று அடிக்கப்போய்த் தாத்தா விழுந்துவிட்டது, இது நமக்கு இல்லாத உரிமை என்று நினைத்துச் சிவப்புப் பேனாவால் தாத்தாவை அடித்துத் தந்தை என்று எழுதிவிட்டேன். அந்தக் கோடு போடும்போது எனக்கு இருந்த துக்கத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

மறுநாள் மத்தியானம் உன் அண்ணி எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வராந்தாவில் நின்றபடியே புரட்டிக்கொண்டு வந்தவள் அந்த வரியில் நின்றாள். ஐயோ மாமா, இது பிழையில்ல, நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன், இவரும் சரின்னுட்டாரு, வாயால சொல்லி வெச்சா நாளைக்கு எனக்கே கோவம் வந்து மாத்திடுவேன், அதான் எழுத்துல இருக்கட்டும்னேன் என்றாள். திருத்தியது தப்பு என்றால் அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் இருக்கட்டும் என்று எழுதவேண்டும், அதுதான் எங்கள் தொழில் வழக்கம். அங்கேயே ஒரு நாற்காலியில் மனுவை வைத்துப் புள்ளி வைத்தேன். காகிதம் நகராமல் அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடு, யாரிடமும் போனில் கத்தாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் உன் அண்ணியைக் கூப்பிட்டுப் பேசு. தீர்ப்பு வந்த பிறகும் அவளை அண்ணி என்றே கூப்பிடலாம், சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை, வக்கீல் அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா