ஆடாத குழல்

கோர்ப்பி ஏரி, மினசோட்டா
ஏப்ரல் 11, 1926

அன்புள்ள வில்ஹோ அண்ணாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு வெளிச்சக் கோடு.

ஷெரீப்பின் ஆள் போன மாதம் உன் துப்பாக்கியை மாவுச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்குதான் முடிந்துவிட்டதே, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். குழல் தனியாக, கட்டை தனியாக இருந்தது. நீ செய்வதுபோல இரண்டையும் பொருத்திக் கால் சுற்றுத் திருப்பி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். மூட்டில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் ஊடுருவியது. குழலைப் பிடித்து அசைத்தேன். விழப்போகிற பல்லைப் போல டக் டக்கென்று ஆடியது.

அண்ணா, நீ கோர்ட்டில் சொன்னது இதைத்தானே. மானுக்குக் குறிவைத்தேன், குழல் ஆடிக் குண்டு பக்கத்து வீட்டு ஓன்னி நின்ற பக்கம் போய் அவன் உயிரை எடுத்துவிட்டது என்றாய். யாரும் அதை அசைத்துப் பார்க்கவில்லை. நீயும் ஓன்னியும் படகுக்காகப் போட்ட சண்டையைப் பற்றியே மூன்று நாள் பேசினார்கள். பேசிப் பேசி இருபது வருஷம் கொடுத்தார்கள்.

அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் உன் பொருள் எதுவும் பழுதாகக் கிடக்கக் கூடாது என்பாள். "வெளிய போனவன் சாமானு ஒடஞ்சு கெடந்தா அவன் திரும்பி வர்ற வழி அடைஞ்சுடும்" என்று அவள் பிறந்த வீட்டில் சொல்வார்களாம். அதனால் உன் பனிச்சறுக்குக் கட்டைகளுக்குத் தார் பூசிவிட்டேன். கத்தியைத் தீட்டினேன். மிச்சம் இருந்தது துப்பாக்கிதான்.

ஆறு நாள் ஆனது. மூட்டின் வளையத்தில் மெழுகுவர்த்திப் புகை பிடித்துப் பொருத்துவேன், கழற்றுவேன். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் இரும்பு தொடுகிறது, மற்ற இடமெல்லாம் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த ஓரத்தைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி விரித்தேன். விரிந்தது அதிகமானால் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. மறுபடி புகை. இப்போது சிகரெட் தாள்கூட நுழையாது. நூறடியில் பலகை வைத்து ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தையும் ஒரு காப்பிச் சாஸரால் மூடிவிடலாம்.

உன் வழி அடைபடவில்லை அண்ணா.

இப்படிக்கு,
உன் தங்கை சைமி


மாநிலச் சிறை
ஏப்ரல் 12, 1926

அன்புத் தங்கை சைமிக்கு,

நலம். இங்கே காப்பி என்று ஒன்று தருகிறார்கள், அதில் யாரோ காலுறை துவைத்திருக்க வேண்டும்.

ஒரு செய்தி. சுரங்கக்காரர் சங்கத்தார் எனக்குப் புது வக்கீல் வைத்திருக்கிறார்கள். நான் சொன்னதை முழுதும் கேட்ட முதல் ஆள் அவர்தான். என் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டதை விசாரித்துவிட்டு, துப்பாக்கி நன்றாகத் தெரிந்த ஒருவரை மே மாதம் நம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார். குழல் ஆடுவதை அவர் பார்த்து எழுதிக்கொடுத்தால் வழக்கை மறுபடி எடுப்பார்களாம். அதனால் அதை யாரும் தொட வேண்டாம். துடைக்கக்கூட வேண்டாம். அந்த ஆட்டம்தான் எனக்கு இருக்கிற ஒரே சாட்சி.

நீ கோழிக்கு வணக்கம் சொல்லவே கூச்சப்படுகிறவள். வருகிறவரிடம் பேச வேண்டாம், துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தால் போதும்.

இந்த ஒன்றரை வருஷத்தில் நேற்றுத்தான் விடியும்வரை தூங்கினேன்.

உன் அண்ணன்
வில்ஹோ


மாநிலச் சிறை
ஏப்ரல் 19

சைமி,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று கடந்திருக்கின்றன. உன்னுடையதை மூன்று முறை படித்தேன். நல்ல வேலை. நான் செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

உன்மேல் கோபம் இல்லை. இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே போகிற கடிதங்களைத்தான் காவலர்கள் படிப்பார்கள், அதனால் விடுதலையாகிப் போகிற ஒருவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு. இறுக்கியதைத் தளர்த்த முடியும். தட்டி விரித்த ஓரத்தை அரத்தால் எடுத்துவிடு. முன்பு ஆடிய அளவுக்கு ஆடட்டும். புதுப் பளபளப்பு தெரிந்தால் வினிகர் தடவி இரண்டு நாள் வை, கறுத்துவிடும். யாராவது தொட்டார்களா என்று கேட்டால் இல்லை என்று சொல். ஒரே ஒரு சொல். தலையை ஆட்டினாலும் போதும்.

பொய் இல்லை சைமி. அது ஆடியது உண்மைதானே.

வில்ஹோ


கோர்ப்பி ஏரி
மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சொன்ன வேலை முடிந்தது. இப்போது முன்போல் இருக்கிறது. ஆனால் சத்தம் வேறு மாதிரி வருகிறது. முன்பு டக் டக். இப்போது உரசுகிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

அரம் பிடித்தபோது அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "சரியா இருந்ததை எதுக்குடி கெடுக்கிற" என்றாள். உனக்காக என்று சொன்னேன். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் என் பக்கம் பார்ப்பதில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு முறை டீச்சர் என் பெயரைக் கேட்டபோதே எனக்குப் பேச்சு வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? பிறகு நான் பள்ளிக்கூடமே போகவில்லை. "இல்லை" என்ற சொல்லை மாடுகளிடம் தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

சைமி


கோர்ப்பி ஏரி
மே 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

துப்பாக்கியைப் பார்க்கிறவர் வந்து போனார். வக்கீலிடமிருந்து உனக்குச் செய்தி வந்திருக்கும். ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

நல்ல மனிதர். காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது என்று கூட்டுறவுக் கடை நீலோ நம் பாஷையில் மொழிபெயர்க்க வந்திருந்தான். அவர் பொருத்தினார், அசைத்தார், தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

யாராவது தொட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அண்ணா, சத்தமாகவே சொன்னேன்.

அவர் நகத்தை அந்த ஓரத்தில் வைத்தார். கறுப்புக்குக் கீழே அரம் போன கோடுகள். நீலோ குரலைத் தாழ்த்தி, "சைமி, இது சுத்தியல் பட்ட அடி, இது அரம். ரெண்டும் புதுசுங்கறாரு. யாரு பண்ணுனது?" என்றான்.

"நான்தான்."

பிறகு எல்லாம் வந்துவிட்டது. முதலில் ஆடியது, நான் இறுக்கியது, மறுபடி தளர்த்தியது. உன் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. என் யோசனை என்றேன். அவர் நான் சொன்னதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நம்பினாலும் எழுத முடியாதாம். தங்கையே அரம் வைத்துத் தளர்த்திய துப்பாக்கியைக் காட்டி, இது முன்பும் ஆடியது என்றால் எந்த நீதிபதியும் சிரிப்பாராம். இறுக்கியதோடு விட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லிப் பார்த்திருக்கலாம் என்றார். நீலோ அதை மொழிபெயர்க்க விரும்பவில்லை. நான்தான் கேட்டேன்.

காப்பி குடிக்காமல் போய்விட்டார்கள்.

நீ திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும்.

சைமி


கோர்ப்பி ஏரி
ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜூனில் இரண்டு, ஜூலையில் இரண்டு எழுதினேன். எதுவும் திரும்பி வரவில்லை, அதனால் உன் கைக்கு வருகிறது என்று தெரியும். இதற்கும் நீ எழுத மாட்டாய். அதுவும் தெரியும்.

குழல் ஆடியதைக் கையால் தொட்டு அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நீ சொன்னால் குற்றவாளி சொல்கிறான் என்பார்கள். நான் சொன்னால் கோர்ட் கேட்காது. கோர்ட் இல்லாமல் வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்று வைக்கோல் அள்ளிய நாளெல்லாம் யோசித்தேன். ஒருவர்தான் மனதில் வந்தார்.

நேற்றுக் காலை ஓன்னியின் வீட்டுக்குப் போனேன். அவன் செத்த பிறகு நம் வீட்டிலிருந்து யாரும் அந்த வேலியைத் தாண்டியதில்லை. அவன் அம்மா ஹில்மா அத்தை பால் வாளியோடு வாசலுக்கு வந்தார். வாளியைக் கீழே வைக்கவில்லை.

"எதுக்கு வந்த?"

"அந்தக் குழல் ஆடுச்சு அத்தை. நான் கை வைக்கறதுக்கு முன்னாடியே ஆடுச்சு. அண்ணன் வேணும்னு சுடல."

"உங்கம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல."

"அவனா?"

"இல்ல. அவன் எங்கிட்டப் பேசறதில்ல."

அவர் வாளியை மறு கைக்கு மாற்றினார். "ஆடுச்சுன்னா மட்டும் எம்புள்ள எந்திரிச்சு வந்துடுவானா?" என்றார்.

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ் போடும் சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் போகவில்லை. சாயங்காலம் பால் கறக்க அவர் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும், அப்போது மறுபடி சொல்லலாம் என்று அவர் வாசல் படியில் உட்கார்ந்தேன்.

சைமி