வெளியே பூட்டிய பதினொரு வீடு

இளம்பிள்ளை
3.6.2024

காளிதாஸுக்கு,

உங்கள் வீட்டுக் கதவில் காலி செய்யும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். திருச்செங்கோட்டு அரசுக் குடியிருப்பில் மொத்தம் பதினொரு வீட்டுக்கு. மூன்று முறை சோதித்தார்களாம், மூன்று முறையும் பூட்டிக் கிடந்ததாம், அதனால் குடியில்லாத வீடாம். ஜூலை ஐந்தாம் தேதி சேலத்து வாரிய அலுவலகத்தில் விசாரணை.

புருசன் பெயரை எழுதுகிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. போன் செய்தால் அழுவீர்கள். கடையில் எனக்கு ஆள் காத்திருக்கும். முகாம் விலாசத்தை உங்கள் போர்வெல் ரிக் முதலாளியிடம் வாங்கினேன்.

பூட்டின் கதை உங்களுக்கே தெரியும். மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவளை யாரும் தட்டி எழுப்பக் கூடாதென்று, பக்கத்து வீட்டுக்காரி வெளியே பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வாள். நான் அங்கிருந்த ஒன்பது வருசமும் பெரியநாயகி அக்கா எனக்குப் பூட்டினார். இப்போது ரஞ்சிதாவுக்குப் பூட்டுகிறார். சோதிக்க வந்த மகராசனுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது, கண் கொடுக்கவில்லை. கொடியில் காய்ந்த துணி அவனுக்குத் தெரியவில்லை.

போன வருசம் இதே நோட்டீஸ் வந்த நாலு வீட்டுக்கு நான்தான் போய்ப் பேசினேன், வக்கீல் வைக்க அவர்களுக்கு வக்கில்லை என்பதால். இந்த முறை பத்து வீட்டுக்காரர்களும் கடைக்கு வந்தார்கள். ரஞ்சிதா வரவில்லை. வெட்கமாம். உங்களோடு குடித்தனம் நடத்த வராத வெட்கம்.

ஒதுக்கீடு உங்கள் பெயரில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

சௌந்திரம்


ஜக்தல்பூர் முகாம்
17.6.2024

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

இங்கே மழை பிடித்துவிட்டது, வண்டி சேற்றில் நிற்கிறது, நான் சுகம். ஆறு வருசம் கழித்து உன் எழுத்தைப் பார்த்தேன். எழுத்துகூட அதட்டுகிறது.

ரேஷன் கார்டில் இன்னும் உன் பெயர்தான். நீயே அங்கே குடியிருப்பதாக ஒரு வார்த்தை சொல்லிவிடு. சட்டப்படி மனைவி நீதானே. ரஞ்சிதாவை வேலைக்காரி என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் பெற்ற பாப்பா ஒண்ணாவது படிக்கிறாள், அவள் தெருவுக்கு வரக் கூடாது. நீ பெரிய மனசுக்காரி.

என்றும் உன்
காளிதாஸ்


இளம்பிள்ளை
8.7.2024

காளிதாஸுக்கு,

பத்து வீடு தப்பித்தது. உங்கள் வீடு தொங்குகிறது.

"நீங்க வக்கீலா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க, சீலை ஏவாரம்" என்று சொல்லிவிட்டுக் கரண்ட் பில்களை வரிசையாகப் பரப்பினேன். "ஆளில்லாத ஊட்ல ரெண்டு மாசத்துக்கு இருநூறு யூனிட் எரிஞ்சிருக்குதுங்க. பேயி மிக்ஸி ஓட்டுச்சுங்களா?"

சோதித்தவன் கூரையைப் பார்த்தான். நான் மில் வருகைப் பதிவின் நகலை எடுப்பதற்குள் பெரியநாயகி அக்கா சாவிக் கொத்தை மேசையில் போட்டார். "பதினோரு ஊட்டையும் பூட்டுனது நாந்தானுங்க சாமி. குத்தம்னா என்னையக் காலி பண்ணுங்க." அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் முறை வந்ததும் சிரிப்பு நின்றது. "காளிதாஸ் எங்கே? இந்தப் பொண்ணு யாரு?" ரஞ்சிதா என் முகத்தைப் பார்த்தாள். வேலைக்காரி என்று சொல்லவா? ஆறு வருசம் உங்களுக்கு ஆக்கிப்போட்டவளுக்கு நீங்கள் வைத்த பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

"அவரு ரிக்குல இருக்காருங்க. குடியிருக்கறது இந்தப் பொண்ணும் கொழந்தையும். நான் அவரு சம்சாரம். அந்த ஊட்ட உட்டு ஆறு வருசமாச்சுங்க" என்றேன்.

ஒதுக்கீடுதாரரும் சட்டப்படி மனைவியும் ஆட்சேபணை இல்லையென்று எழுதிக் கொடுத்தால் குடியிருப்பவள் பெயருக்கே மாற்றலாம் என்றார் அதிகாரி. ஆகஸ்ட் ஐந்துக்குள் வராவிட்டால் சீல்.

நீங்கள் சொன்ன பொய்யை நான் சொல்லியிருந்தால் வீடு எனக்கு வந்திருக்கும், அவர்கள் இருவரையும் நானே வெளியே தள்ளியிருக்கலாம். அது உங்களுக்குத் தோன்றவே இல்லை. இந்த மூளையை வைத்துக்கொண்டு ஆயிரம் அடிக்குத் துளை போடுகிறீர்கள். பூமி பாவம்.

இதோடு இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று, வீட்டை ரஞ்சிதாவுக்கு விட்டுக்கொடுப்பது. மற்றது, வக்கீல் மூலம் நான் அனுப்பி, நீங்கள் மூன்று தடவை கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிய விவாகரத்து மனு. இரண்டும் கையெழுத்தாகி வந்தால்தான் நான் என் கையெழுத்தைப் போடுவேன். மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் இதை வியாபாரம் என்பேன்.

சௌந்திரம்


ஜக்தல்பூர் முகாம்
22.7.2024

சௌந்திரத்துக்கு,

இரண்டிலும் போட்டுவிட்டேன். மூன்று நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். நீ என்றைக்காவது திரும்பி வருவாய் என்றுதான் மூன்று தடவையும் போடாமல் அனுப்பினேன். அதுகூட உனக்குத் தெரியாதா?

இனி ஊருக்கு வந்தால் நான் எங்கே தங்குவது? ரஞ்சிதாவிடம் கேட்டு எழுது.

காளிதாஸ்


இளம்பிள்ளை
9.8.2024

காளிதாஸுக்கு,

தெரியும். தெரிந்துதான் நானும் மூன்று தடவை அனுப்பினேன்.

உத்தரவு வந்துவிட்டது. வீடு ரஞ்சிதா பெயரில். நீங்கள் கேட்டதை நேரில் போய்க் கேட்டேன். பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டே யோசித்தாள். யோசிக்கத் தெரிந்த பெண்தான். ஆறு வருசம் முன்னால் யோசித்திருக்கலாம். பிறகு சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

வருசத்துக்கு இரண்டு தடவை வரலாம், தடவைக்குப் பதினைந்து நாள். குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டும். பாப்பாவின் பள்ளிச் செலவு முழுவதும் உங்களுடையது.

என் பங்குக்கு ஒன்றுதான். கோர்ட்டில் கூப்பிடுகிற நாட்களில் நேரில் வந்து நிற்க வேண்டும். போகவர ரயில் டிக்கெட் என் செலவு.

சௌந்திரம்